காலி வீதியின் படம் உங்கள் அலுமாரியில் இருக்கலாம்: வெள்ளவத்தைத் தொகுப்புக்கு உதவி கேட்கிறோம்

கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும், வாடகைக்கு இருந்துவிட்டுப் போனவர்களுக்கும், விசா வரும்வரை மூன்று மாதம் என்று லொட்ஜில் வந்து தங்கி மூன்று வருடம் கிடந்தவர்களுக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம், எங்களுக்குக் காசு வேண்டும். காசைவிட உங்கள் அலுமாரி மேல்தட்டில் கிடக்கும் பழைய அல்பம் இன்னும் அவசரமாக வேண்டும், ஆனால் அந்த அல்பத்தை வைத்து வேலை செய்யவும் காசுதான் வேண்டும், அதனால் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறோம்.

என்ன வேலை என்றால், கால்வாய்ப் பாலத்திலிருந்து தெஹிவளை எல்லைவரை ஓடும் காலி வீதி, அதன் இரண்டு பக்கத்து ஒழுங்கைகள், கடைகள், தியேட்டர்கள், அங்கே நடமாடிய ஆட்கள், இவற்றைப் பற்றிய படங்களையும் காகிதங்களையும் குரல்களையும் ஒரு இடத்தில் சேர்த்து, எவரும் வந்து பார்க்கக்கூடிய மாதிரி வைப்பது. முடிவில் ஒரு கிழமை கண்காட்சி, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு புத்தகம். குழுவில் நாங்கள் ஒன்பது பேர். இரண்டு பேர் ஓய்வுபெற்ற வாத்திமார், ஒருவர் கணக்காளர், ஒருவர் இன்னமும் காலி வீதியில் கடை வைத்திருப்பவர், மிச்சப் பேர் வேலை வெட்டிக்கு நடுவில் ஓடித் திரிகிறவர்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை.

"ஒரு ரோட்டுக்கு என்ன சரித்திரம்? 100, 101 பஸ் ஓடுகிற ரோடுதானே" என்று எங்கள் வீடுகளிலேயே கேட்டார்கள். சரி, கொஞ்சம் சொல்கிறோம்.

சிங்களத்தில் 'வெல்ல' என்றால் மணல், 'வத்த' என்றால் தோட்டம். பெயர் அப்படி இருந்தாலும் பிரதான வீதியில் நின்றால் மணலும் தெரியாது, கடலும் தெரியாது. காற்றில் உப்பு இருக்கும், அவ்வளவுதான். கடல் பக்கத்து ஒவ்வொரு ஒழுங்கை வாசலையும் கடக்கும்போது மட்டும், வலைக்கம்பிகளுக்கும் மதில்களுக்கும் நடுவே ஒரு முழம் அகலத்துக்கு நீலம் தெரிந்து மறையும். கரையோர ரயில் பாதை 1877இல் பாணந்துறைக்கும் 1894இல் காலிக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து கடலுக்கும் ஊருக்கும் நடுவே தண்டவாளம். கால் நனைக்கப் போகிற பிள்ளை முதலில் பழகியது நீச்சலை அல்ல, ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்ப்பதைத்தான். இப்போது மரைன் டிரைவ் என்ற கரையோர வீதியும் வந்து, தொடர்மாடிகளும் எழும்பி, அந்த ஒரு முழ நீலத்தையும் பல இடங்களில் மூடிவிட்டன.

உள்ளே போனால் ஹைலெவல் வீதிப் பக்கமாகப் பாமன்கடைக்குப் போகிற டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. அதற்குப் பழைய பெயர் ஹை ஸ்ட்ரீட். பெயருக்குப் பெரிய தெரு அதுதான், ஆனால் பெரிய தெருவாக நடந்துகொண்டது எப்போதும் காலி வீதி. சில்வா சிங்கள நாவலாசிரியர். பக்கத்தில் நெல்சன் பிளேஸ், கொலிங்வூட் பிளேஸ் என்று இங்கிலாந்துக் கடற்படைத் தளபதிமாரின் பெயர்கள். கொஞ்சம் தள்ளி ராமகிருஷ்ண வீதி, அங்கே மிஷன். 57ஆம் ஒழுங்கைக்கு உருத்திரா மாவத்தை என்று பெயர் மாறியது, அங்கே 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பெயர்ப்பலகையை வாசித்தால் யார் யார் வந்து போனார்கள் என்று பாதி தெரிந்துவிடும்.

கால்வாயை ஒட்டி இருந்த வெள்ளவத்தை நூல் நெசவு ஆலையை இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் காணியில் ஹவ்லொக் சிட்டி நிற்கிறது. 1933இல் அங்கே 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு சிங்களவர், மிச்சப் பேர் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பிற்பாடு லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா அந்தத் தொழிலாளரின் சங்கத்துக்குத் தலைவரானார், இலங்கையின் இடதுசாரிக் கதையே ஒரு வகையில் அந்த வாசலில் தொடங்குகிறது. சங்கு ஊதினால் வீதி முழுக்கச் சைக்கிள் என்று எங்கள் குழுவில் மூத்தவர் சொல்வார். அந்தச் சங்குச் சத்தத்தை இன்னமும் காதில் வைத்திருக்கும் ஒரு ஆளையாவது பதிவு செய்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள்ள ஒரு பைத்தியம்.

அப்புறம் ஆடிவேல், முருகனின் வேல் தேரில் வரும் திருவிழா. செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்பட்டுக் காலி வீதி வழியாக வரும்போது, இனம் மதம் பார்க்காமல் மொத்தக் கொழும்பும் கரும்பு கடித்துக்கொண்டு நின்றது. சவோய், பிளாசா, ரொக்சி என்று தியேட்டர்கள் இருந்தன. அரைப்படத்தில் எழும்பிப் பிளேன்டீ குடிக்க வந்தவரின் கதையெல்லாம் எங்களிடம் ஒலிப்பதிவாக இருக்கிறது.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. அதைப் பற்றி இங்கே நீட்டி எழுதப் போவதில்லை, வாசிக்கிற பலர் அன்று அங்கே நின்றவர்கள். தமிழர் வீடுகளைத் தேடிக் கலவரக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தன, வீதியின் இரண்டு பக்கமும் தமிழர் கடைகள் எரிந்தன, ஒழுங்கைகளுக்குள் வீடுகள் எரிந்தன. பக்கத்துச் சிங்கள வீட்டு அறையில், முஸ்லிம் வீட்டுப் பின்வளவில் ஒளிந்திருந்து உயிர் தப்பியவர்கள் எங்கள் குழுவிலேயே இரண்டு பேர். எங்கள் வேலைக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு, அன்று எரிந்தது கடையும் வீடும் மட்டுமல்ல, அல்பங்களும்தான். கலியாணப் படம், கடை திறப்புவிழாப் படம், பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம், கணக்குப் புத்தகம், காணி உறுதி, கடிதக்கட்டு. அதனால்தான் 83க்கு முந்திய தமிழர் காலி வீதி, வீதியில் இருந்தவர்களிடம் இல்லை. அதற்கு முன்பே லண்டனுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தபாலில் போன படங்களில் மட்டும்தான் இருக்கிறது. அதைத்தான் இப்போது தேடுகிறோம்.

பிறகு நடந்ததும் வேண்டும். எரிந்த வீதிக்கே ஆட்கள் திரும்பி வந்தார்கள், வடக்கிலிருந்து இன்னும் இன்னும் வந்தார்கள், குட்டி யாழ்ப்பாணம் என்று பெயர் எடுத்தது. லொட்ஜ், வெளிநாட்டுக்கு நிமிடக் கணக்கில் பேசுகிற கொமினிகேஷன் கடைகள், கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிந்து வாங்கிய பதிவுத் துண்டு, சோதனைச் சாவடி. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள், மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. அந்தப் பதிவுத் துண்டு ஒன்று, நாலாக மடித்து மடித்து நடுவில் ஓட்டை விழுந்தது, எங்களிடம் வந்திருக்கிறது. கொண்டுவந்து தந்த அம்மா "இதை ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது" என்றார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு புடைவைக் கடையின் பில் புத்தகம். கடை 83இல் போய்விட்டது, புத்தகம் மட்டும் தையல்காரர் வீட்டில் தப்பியிருந்தது. மேலே கடைப் பெயர், கீழே 'காலி வீதி, கொழும்பு 6', கார்பன் நீலத்தில் சாய்ந்த கையெழுத்து. சட்டைத்துணி இரண்டு யார், பாவாடைத்துணி மூன்று யார், ஒரு பக்கத்தில் 'பாக்கி, திங்கள் தருவார்' என்று இருக்கிறது. அந்தத் திங்கள் எது என்று நாங்கள் தேடிப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

முதலில் காசு இல்லாமலே செய்து பார்த்தோம், அதையும் மறைக்கவில்லை. படங்களை போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். வந்ததில் பாதியில் தாத்தாவின் முகத்துக்கு மேல் டியூப் லைட் வெளிச்சம், ஒன்றில் படம் எடுத்தவரின் கட்டைவிரல் தெளிவாக இருந்தது, கடைப் பலகை மங்கல். பிறகு ஒரு இடத்தில் ஸ்கேன் செய்யக் கொடுத்தோம், அவர்கள் கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்த படத்தை இழுத்துவிட்டார்கள், ஒரு அம்மாவின் தோள் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்தக் குடும்பத்திடம் போய் மன்னிப்புக் கேட்டதை நினைத்தால் இப்போதும் முகம் கொடுக்க முடியவில்லை. அன்றுதான் முடிவு செய்தோம், இனி எங்கள் கையால், எங்கள் மேசையில், உரிமையாளர் பக்கத்தில் இருக்கத்தான் வேலை.

அவசரமும் இருக்கிறது. உப்புக்காற்றும் ஈரமும் படத்தைத் தின்கின்றன, பூஞ்சணம் பிடிக்கிறது, எழுபதுகளின் கலர்ப் படங்கள் சிவந்து போய்க்கொண்டிருக்கின்றன. படம் சிவந்தால் கணினியில் கொஞ்சமாவது சரி செய்யலாம். படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த ஆள் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. சென்ற வருடம் பேசுவதற்கு நாள் குறித்து வைத்திருந்த இரண்டு பேர் அந்த நாளுக்கு முன்பே காலமாகிவிட்டார்கள்.

காசு விவரம். மொத்தம் 18 இலட்சம் ரூபாய் பிடிக்கும். நல்ல தட்டை ஸ்கேனர் ஒன்று, சேமிக்க மூன்று ஹார்ட் டிஸ்க் (மூன்றும் மூன்று வீட்டில் இருக்கும், ஒரே வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்), ஒலிப்பதிவுக் கருவி, எட்டு மாதத்துக்கு இரண்டு இளம் பிள்ளைகளுக்குப் பகுதிநேரச் சம்பளம், சிங்கள மொழிபெயர்ப்பு, மண்டப வாடகை, 500 பிரதி அச்சு. அச்சுக்கும் சம்பளத்துக்கும்தான் பெரும்பகுதி போகும். குழுவில் உள்ளவர்களும் தெரிந்தவர்களும் போட்டு 4 இலட்சத்து 10 ஆயிரம் சேர்ந்திருக்கிறது. மிச்சம் உங்களிடம். ஆயிரம் ரூபாய் தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு எல்லோருக்கும் வரும், கணக்காளர் ஐயா ஒரு பிளேன்டீக் காசைக்கூட விடமாட்டார். வெளிநாட்டில் இருப்பவர்கள் தனித்தனியாக அனுப்பி வங்கிக் கட்டணத்துக்குக் கொடுக்காமல், ஐந்தாறு பேர் சேர்ந்து ஒருவர் பெயரில் அனுப்பினால் நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். பெரிய தொகை தருவதாகச் சொன்ன ஒருவர், புத்தகம் தமிழர் கதையாக மட்டும் இருக்கட்டும், சிங்களப் பகுதி எதற்கு என்று கேட்டார். நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டோம். பாண் விற்ற முதலாளியும், சந்தையில் மீன் வெட்டிய நானாவும், பியானோ சொல்லிக்கொடுத்த பறங்கி மிஸ்ஸும் இல்லாமல் அந்த வீதி இல்லை. அதேபோல 83ஐ மெல்லமாகச் சொல்லுங்கள் என்று இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒருவர் கேட்டார். அதற்கும் மாட்டோம் என்றுதான் சொன்னோம்.

எங்களுக்குக் குறிப்பாகத் தேவைப்படுபவை: கடை முகப்பு தெரிகிற எந்தப் படமும், ஆடிவேல் படங்கள், ஆலைத் தொழிலாளர் அட்டை, தியேட்டர் டிக்கெட் துண்டு, பில், கலியாண அழைப்பிதழ், லொட்ஜ் விலாசம் எழுதிய கடித உறை. "இதில் நாங்கள்தானே நிற்கிறோம், ரோடு எங்கே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். பலமுறை எங்களுக்குக் கிடைத்த நல்ல படம், யாரோ ஒரு பிள்ளை புதுச் சைக்கிளோடு நிற்க, தோளுக்குப் பின்னால் பஸ்ஸும் பலகையும் தெரிகிற படம்தான்.

வருகிற தைப்பொங்கலுக்குள் காசும் படமும் வந்தால் ஆடியில் கண்காட்சி வைத்துவிடலாம். இந்த வேண்டுகோளை உங்களுக்கு அனுப்பியவரிடமே சொல்லுங்கள், அவர் எங்களுடன் தொடர்பில் இருக்கிறார், வங்கி விவரத்தை அவர் தருவார். கொழும்பில் இருப்பவர்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் நேரே வரலாம், அரை மணித்தியாலத்தில் ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தருவோம், தேத்தண்ணீரும் உண்டு. வர முடியாத வயதானவர்களிடம் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு நாங்களே வருவோம். படம் அல்பத்தில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து உரிக்க வேண்டாம், கண்ணாடிச் சட்டத்தில் இருந்தால் கழற்றவும் வேண்டாம், அப்படியே துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.