தார்சாவுக்கு ‘லவுஞ்ச்’ பலகை, திண்ணைக்குக் கம்பி அடைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பழைய வீடு ஒன்று ‘பூட்டிக்’ ஓட்டலாக (சின்னச் சொகுசு ஓட்டல்) மாறியதை உங்கள் பேப்பரில் அரைப்பக்கம் படத்தோடு போட்டிருந்தீர்கள். படம் நன்றாக வந்திருந்தது. நானும் அங்கே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன் (அந்தக் காசுக்கு வாகையடி முக்கில் ஐந்து பேர் குடிக்கலாம், அது கிடக்கட்டும்), அதனால்தான் இந்தக் கடிதம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வீடு பல வருஷம் பூட்டிக் கிடந்தது, தட்டட்டியில் (மொட்டை மாடியில்) அரசங்கன்று முளைத்து வேர் சுவருக்குள் இறங்கிவிட்டது, பங்காளிகள் பேசி முடித்ததும் இடித்துத் தள்ளிவிட்டு மூன்று மாடி ஜவுளிக்கடைதான் வரப்போகிறது என்று தெருவே நினைத்திருந்தது. இடிக்காமல் விட்டதற்கே ஒரு கும்பிடு போடலாம். பெயின்ட் அடித்து ஒப்பேற்றவும் இல்லை. நடுவில் யாரோ பூசியிருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசியிருக்கிறார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் ஏறினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, ரெண்டு மழைக்காலத்தில் பொரிந்து கொட்டும். எங்கள் வீட்டில் அந்தத் தப்பைச் செய்துவிட்டு ஒவ்வொரு கார்த்திகைக்கும் கொத்தனாரைத் தேடி அலைகிறவன் நான், அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தபோது உண்மையில் பொறாமையாக இருந்தது. மேலே பார்த்தால் தேக்குக் கட்டை வரிசையும் அதன்மேல் குத்திட்ட செங்கல்லும் அப்படியே தெரிகிறது. ஏசிக் குழாயை எங்கே ஒளித்தார்கள் என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை.

சரி, இனி குறை.

திண்ணையைத் தாண்டியதும் வரும் முன்கூடமான தார்சாவில் ‘லவுஞ்ச்’ என்று பித்தளைப் பலகை தொங்குகிறது. பட்டாசல் என்கிற உள்கூடம் ‘லைப்ரரி’ ஆகிவிட்டது, இரண்டாங்கட்டு ஏதோ ஒரு ‘சூட்’. வெளியூர்க்காரருக்குத் தார்சா என்றால் புரியாது என்பார்கள். மதுரைக்காரருக்கே புரியாது, ஒத்துக்கொள்கிறேன். லவுஞ்ச் எந்த ஊர் ஓட்டலிலும் இருக்கும், தார்சாவைப் பார்க்க இங்கேதானே வர வேண்டும்? கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் இஞ்சிப் பச்சடியோடு இலையில் ஓடுமே சொதி, அது மெனுவில் ‘கோகனட் மில்க் ஸ்டூ’ என்ற பெயரில் ரெண்டு துண்டு பிரெட்டோடு வருகிறது. பத்தமடைப் பாயைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். படுத்தால்தானே அது பாய்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். திண்ணைதான் மனசைப் போட்டு அறுக்கிறது.

இரண்டு பக்கத் திண்ணைக்கும் இடுப்பு உயரத்துக்குக் கம்பி அடைப்பு போட்டு, உள்ளே தொட்டிச் செடி வைத்து, மேலே ஒரு கேமராவையும் மாட்டிவிட்டார்கள். போன மாதம் ஒரு சாயங்காலம் நான் அல்வாக் கடை வரிசையில் நிற்கும்போது, எழுபது தாண்டிய எங்கள் அத்தை கால் வலிக்கிறது என்று அந்த வாசல் படியில் போய் உட்கார்ந்தார்கள். செக்யூரிட்டிப் பையன் ஓடி வந்து, “ஆச்சி, கொஞ்சம் எந்திரிங்க, உள்ள கேமராவுல பாத்துக்கிட்டு இருக்காவ” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நம்ம பேட்டைப் பையன், சொல்லும்போதே அவன் முகம் சுருங்கிவிட்டது. அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்து எதிர்க்கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்கள்.

அதே அத்தை 2024 நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷம் சுவாமி தேரின் வடம் அறுந்து அறுந்து, தேர் நின்று நின்று வந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேரும் நாலு வீதி சுற்றி நிலைக்கு வரும்வரை கைக்குழந்தைக்காரிகளும் வயசானவர்களும் ஒதுங்குவது வீட்டுத் திண்ணைகளில்தான், பானகமும் நீர்மோரும் கைமாறுவதும் அங்கேதான். அன்றைக்கு அந்த வீட்டுக் கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. திண்ணை திறந்துதான் கிடந்தது.

பழைய கட்டடங்களைக் காக்க ஆணையம் அமைப்பதற்கு 2012-லேயே சட்டசபையில் சட்டம் போட்டார்கள். சுவரையும் தூணையும் காப்பாற்ற அது உதவட்டும். திண்ணையில் வழிப்போக்கன் உட்காரலாம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்க முடியாது, அது வீட்டுக்காரர் மனசு வைத்து விட்டுக்கொடுப்பது. ஓட்டல்காரர்களுக்கும் பயம் இருக்கும், தெரிகிறது. எச்சில் துப்புவான், ராத்திரி குடித்துவிட்டு வந்து படுப்பான், வாடகை கொடுக்கிறவர் முகம் சுளிப்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல் அடைத்துக்கொள்ளட்டும், யாரும் கேட்கப்போவதில்லை. பகலிலும் ஒரு பக்கத் திண்ணையைச் செடிக்கே வைத்துக்கொள்ளட்டும், இன்னொன்றில் இருக்கிற கம்பியைக் கழற்றினால் போதும்.

ஆனி மாதத்துக்குள் கழற்றிவிட்டால், ஒன்பதாம் திருநாளான தேரன்று காலையில் அத்தையை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். காபியும் அங்கேயே வாங்கிக்கொள்கிறோம், அந்த விலைக்கே.

டவுன் வாசகர் ஒருவர்
திருநெல்வேலி – 6