கெயினைக் குறைத்தால்தான் அந்த ஒலி வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்பதுகளின் கிளாம் மெட்டல் (பளபளப்பான ஒப்பனையோடு வாசிக்கப்பட்ட ஹார்ட் ராக்) பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, டிஸ்டார்ஷன் பெடலை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி) முழுவதும் திருப்பிவிட்டால் அந்தக் கிட்டார் ஒலி கிடைத்துவிடும் என்கிறது. அப்படித் திருப்பினால் கிடைப்பது ஈ மொய்க்கிற இரைச்சல்தான்.

லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் சாலை கிளப்புகளில் வாசித்த இத்தகைய குழுக்கள் பலவற்றுக்கும் அடித்தளம் மார்ஷல் நிறுவனத்தின் வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஒலிபெருக்கி). 1981-இல் வந்த ஜேசிஎம் 800 அதில் முக்கியமானது. அதன் கெயினை (கரகரப்பின் அளவைக் கூட்டும் திருகு) 6, 7-இல் நிறுத்திவிட்டு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் அல்லது பாஸ் எஸ்டி-1 என்ற ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வையுங்கள். பெடலில் டிரைவ் (கரகரப்பு) 0, லெவல் (வெளிவரும் ஒலியளவு) முழுசு, டோன் நடுவில். ஆம்ப்பின் முதல் வால்வைக் கூடுதல் சிக்னலால் தள்ளிவிடுவது மட்டுமே பெடலின் வேலை. அடி ஒலியையும் அது கொஞ்சம் வெட்டிவிடுவதால், உள்ளங்கையால் கம்பியை அடக்கி வாசிக்கும் இடங்கள் சொதசொதவென்று ஆகாமல் இறுகி நிற்கும். கிட்டாரில் பிரிட்ஜ் ஹம்பக்கர் (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகிலுள்ள இரட்டைச் சுருள் பிக்கப்) அவசியம். ஆம்ப்பில் மிட் (நடுத்தர ஒலி) திருகு 5-க்குக் கீழே போகக் கூடாது. போனால் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து கிட்டாரை விழுங்கிவிடும்.

இனி அந்தப் பளபளப்பு. கோரஸ் (ஒலியை இரட்டித்து அசைப்பது), டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) மூன்றும் டிஸ்டார்ஷனுக்குப் பிறகுதான் வர வேண்டும். முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து நசுங்கி, கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) முழுக்கச் சேறாகிவிடும். எஃபெக்ட்ஸ் லூப் (கரகரப்பு உண்டாகும் பகுதிக்குப் பிறகு பெடல்களை இணைக்கும் சென்ட், ரிட்டர்ன் துளைகள்) இல்லாத ஆம்ப்களை அன்று மைக் வைத்துப் பதிவு செய்து, மிக்ஸிங்கில்தான் இவற்றைச் சேர்த்தார்கள். இன்று லூப் உள்ள ஆம்ப்பில் சென்ட், ரிட்டர்ன் நடுவே மாட்டினால் போதும்.

அகலமான ஒலிக்கு, சுருதியை மாற்றும் ஸ்டுடியோ கருவியான ஈவென்டைட் ஹார்மனைசர் வழி: இடப்பக்கம் சுருதியை 9 சென்ட் ஏற்றி, வலப்பக்கம் 9 சென்ட் இறக்கி, ஒரு பக்கத்தை மட்டும் 10 முதல் 20 மில்லி செகண்ட் தாமதப்படுத்த வேண்டும். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். அதனால் சுருதி பிசகியதாகக் காதுக்குத் தெரியாது, ஒலி மட்டும் விரியும். ஒரே ஆம்ப்பில் வாசிப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. இரு பக்கமும் ஒன்றில் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒலி வெறுமையாகிப் போகும். அவர்களுக்கு மெதுவாகச் சுழலும் கோரஸே போதும்.

டிலேயைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். 60,000-ஐப் பாட்டின் டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தால் ஒரு தட்டின் மில்லி செகண்ட் கிடைக்கும். 120 டெம்போவுக்கு 500. அதில் முக்கால் பங்கான 375 சோலோவுக்கு அருமையாகப் பொருந்தும். இரண்டு மூன்று எதிரொலி, மிக்ஸ் 20 சதவீதம். ரிவெர்ப்பில் ப்ரீ-டிலே (முழக்கம் தொடங்குமுன் வரும் இடைவெளி) 30 மில்லி செகண்ட் இருந்தால் பிக் (மீட்டும் தகடு) பட்ட சத்தம் மங்காது. சோலோவுக்கு ஒலி உயர வேண்டுமென்றால் பூஸ்ட் பெடலை (சிக்னலை உயர்த்துவது) லூப்பில் போடுங்கள். ஆம்ப்புக்கு முன்னால் போட்டால் டிஸ்டார்ஷன்தான் கூடும், சத்தம் ஏறாது.

இத்தனைக்கும் பிறகு பின்னணியில் மெல்லிய கீச்சொலி ஓடினால், ஒரே அடாப்டரில் டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் தொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். டிஜிட்டல் பெடலுக்குத் தனி அடாப்டர் கொடுத்ததும் பெரும்பாலும் நின்றுவிடும்.

இப்படிக்கு,
கிட்டார் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்