வராண்டாவில் திரை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மகளுக்கு 13 வயது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பதிவான வழக்கு. அம்மாவுக்கு மில் வேலை, லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால் பல வாய்தாக்களுக்குப் பிள்ளையோடு நானும் மகளிர் நீதிமன்றம் போய்வந்தேன்.

முதல் முறை 10 மணிக்கு வரச் சொன்னார்கள். சாட்சிகள் உட்காரத் தனி இடம் கிடையாது. வராண்டாவில் ஒரு மரபெஞ்சு, அவ்வளவுதான். ஜாமீனில் வந்திருந்த அந்த ஆளும் அவர் வீட்டாரும் ஏழெட்டு அடி தள்ளி, தூண் ஓரமாக நின்றார்கள். கழிப்பறைக்குப் போவதென்றால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். பாட்டிலை நீட்டும்போதெல்லாம் "வேண்டாம் டீச்சர்" என்றாள் பிள்ளை. தாகம் இல்லையோ என்று நினைத்தேன். மதியத்துக்கு மேல்தான் காரணம் புரிந்தது. பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. மாலை 4 மணிக்கு வாய்தா என்றார்கள்.

அடுத்த முறை நீதிபதி விடுப்பு. அது முந்தின நாளே அங்கே தெரியும். எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ஐந்து தடவையும் பள்ளிக்குக் காய்ச்சல் என்றே லீவு லெட்டர் எழுதினோம். ரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்று வகுப்பாசிரியை அக்கறையாகக் கேட்டபோது அவள் அம்மா பதில் சொல்ல முடியாமல் நின்றாள்.

கடைசியில் சாட்சி சொன்ன நாளில், உள்ளே எல்லாம் முறையாக நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் திரை போட்டார்கள். வக்கீல் கேள்விகளை நீதிபதியே வாங்கி, மெதுவாகக் கேட்டார். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் அப்படித்தான் சொல்கிறது. குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது, 30 நாளுக்குள் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. சாட்சி சொல்லும் அரை மணி நேரத்துக்குத் திரை இருக்கிறது. காத்துக் கிடக்கும் ஆறு மணி நேரத்துக்கு என்ன இருக்கிறது?

மாவட்டத்துக்கு ஒன்றாவது இப்படிப்பட்ட சாட்சிகளுக்கென்று தனி மையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. எங்கள் நீதிமன்றத்திலும் ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கூரை வரைக்கும் பழைய வழக்குக் கட்டுகள்.

பிள்ளைக்கு வழக்கு முடியும்வரை கூட நிற்க, குழந்தைகள் நலக் குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்க வேண்டும். புகார் கொடுத்த அன்றே காவல் நிலையத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு மூன்றாவது வாய்தாவில், பெஞ்சில் பக்கத்தில் இருந்த இன்னொரு பிள்ளையின் பாட்டி சொல்லித்தான் தெரியும்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. வழக்கு எடுக்கப்படாது என்று தெரிந்தால் முந்தின நாள் மாலையே சாட்சிக்கு ஒரு போன் போடுங்கள். அந்தக் கட்டுகளை வேறிடத்துக்கு மாற்றி, அறையைத் திறந்துவிடுங்கள். சாட்சி வரும் நாளில் அந்தத் தூண் ஓரம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பெண் காவலரை நிறுத்துங்கள்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். என்னை வைத்து அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை