சிறுவர் அலமாரியில் திருநங்கையர் வரலாறு எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் படிக்கவேண்டிய நூல்கள் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலங்குகள், விண்வெளி, விடுதலைப் போராட்டம் என்று நல்ல பட்டியல். என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் புத்தகம் மட்டும் அதில் இல்லை.

தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் தெருமுனையில் ஒரு திருநங்கை இட்லிக் கடை போட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. வகுப்பு முடிந்து போகும்போது நாளைக்குக் காசு தருவதாகச் சொல்லி வடை வாங்கித் தின்னும் அளவுக்குப் பழக்கம். ஒருநாள் சோழர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “மிஸ், அக்கா மாதிரி இருக்கிறவங்க அந்தக் காலத்துல இல்லையா? ஒரு பாடத்துலயும் வரலையே” என்றாள்.

இருந்தார்கள் என்றேன். எங்கே, எப்படி என்று அடுத்த கேள்வி வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, மறுநாள் காலையில் கிளை நூலகத்துக்குப் போனேன்.

பெரியவர்கள் பகுதியில் திருநங்கைகளே எழுதிய தன்வரலாறுகள் இருந்தன. எல்லோரும் படிக்கவேண்டியவை. ஆனால் அடியும் அவமானமும் நிறைந்த அந்த வாழ்க்கைகளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் அப்படியே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிறுவர் அலமாரியில் இதைப் பற்றி ஒரு புத்தகமும் இல்லை. ஆங்கிலத்தில் பதின்வயதினருக்கென்றே இப்படிப்பட்ட வரலாற்று நூல்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் அமெரிக்காவின் கதைதான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலமும் எட்டாது, விலையும் எட்டாது.

சரி, நாமே தேடிச் சொல்வோம் என்று இறங்கினேன். தேடத் தேட எனக்கே வியப்பாக இருந்தது.

முதலில் தொல்காப்பியத்தை எடுத்தேன். சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’ வந்துவிடுகிறது. ஆண் தன்மை மாறிப் பெண் தன்மை கொண்டவரைக் குறிக்கும் சொல் அது. அந்தச் சொல் உயர்திணையில்தான் முடியவேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. உயர்திணை, அஃறிணை எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைகள்தான். ஆனால் தெருவில் ஒரு திருநங்கை வந்தால் “அது வருது பாரு” என்று சொல்பவர்களை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். இலக்கணத்தில் உயர்திணையாக இருந்தவரை நாம் எப்போது அஃறிணை ஆக்கினோம்? இதைக் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வரிசைப் பையன் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புறம் சிலப்பதிகாரம். கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினொரு ஆடல்களில் ஒன்று பேடு. காமன் பெண் கோலம் பூண்ட பேடியாக ஆடியது. “பேடின்னா கோழைதானே மிஸ்?” என்று ஒருவன் கேட்டான். ஒரு பெயர் எப்படி வசவாக மாறுகிறது என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். அந்தக் காலத்துப் பேடியும் இன்றைய திருநங்கையும் முழுக்க ஒன்று என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இந்த நிதானம் பிள்ளைகளுக்கு எழுதும் வரலாற்றில் கட்டாயம் வேண்டும்.

சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாக்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் என்றதும் நமக்கு 1920இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடு நினைவுக்கு வரும். 1871இல் வந்த அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி யாரைப் பற்றியது என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது. முதலில் வட மாகாணங்களில் நடைமுறைக்கு வந்த அந்தப் பகுதி, வடக்கே ஹிஜ்ராக்கள் என்று அழைக்கப்படும் திருநங்கையரைக் குறிவைத்து எழுதப்பட்டது. அவர்கள் பெயரையும் சொத்தையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். அப்படிப் பதிவான ஒருவர் பெண் உடையில் பொது இடத்துக்கு வந்தாலோ, கூலிக்கு ஆடினாலோ வாரண்ட் இல்லாமல் கைதுசெய்யலாம். இரண்டு வருடம்வரை சிறை. தத்தெடுக்கவோ உயில் எழுதவோ முடியாது. வெள்ளைக்காரன் போட்ட சட்டங்களைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பக்கத்தை மட்டும் ஏன் மறைக்கவேண்டும்?

வெளிநாட்டுக் கதையும் சொன்னேன். பெர்லினில் மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1919இல் தொடங்கிய பாலியல் ஆய்வு நிலையம் திருநங்கையருக்கும் துணைநின்றது. அதில் பெரிய நூலகம் இருந்தது. 1933 மே மாதம் நாஜி மாணவர்கள் அதற்குள் புகுந்து சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அந்தப் புத்தகங்கள் நகரின் பொதுச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. துறைமுகத்தில் வேலை பார்ப்பவரின் மகனுக்குப் பிடித்தது மைக்கேல் டில்லன் கதை. பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்ந்த ஆங்கிலேயர். இன்றைய சொல்லில் திருநம்பி. மருத்துவம் படித்துக் கப்பலில் டாக்டராக இருந்தார். 1958இல் பத்திரிகைகள் அவர் கதையை அம்பலப்படுத்தியதும் இந்தியாவுக்கு வந்து பௌத்தத் துறவியானார். 1962இல் டல்ஹௌசியில் இறந்தார். “நம்ம ஹார்பருக்கு வந்திருப்பாரா மிஸ்?” என்று அந்தப் பையன் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு ஒரு தாய் வந்து, “இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, பயந்துதான் கேட்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு வயதிலேயே கெட்ட வார்த்தையாக இதைக் கேட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதில் நல்ல வார்த்தையாகக் கேட்கட்டுமே என்றேன். அவருக்குச் சொல்லாத ஒன்றும் உண்டு. பல வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பிள்ளை, பள்ளியில் நடையையும் குரலையும் வைத்துக் கேலிசெய்த கேலியில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. டியூஷனுக்கும் வரவில்லை. தேடிப் போனபோது வீட்டில் இல்லை. அன்றைக்கு என்னிடம் ஒரு புத்தகம் இருந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் கேலிசெய்தவர்களுக்காவது கொடுத்திருப்பேன்.

பள்ளிப் பாடத்தில் வரட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாடத்திட்டத்தில் இது இடம்பெறவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இலேயே சொன்னது. அதே ஆண்டு இதற்காக ஆசிரியர்களுக்கு, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட கையேடு, எதிர்ப்பு வந்ததும் இணையதளத்திலிருந்து இறங்கிவிட்டது. நாட்டிலேயே முதலாவதாக 2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. மூன்றாம் பாலினத்தை ஏற்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு தந்தபோது என் மாணவர்கள் பலர் பிறந்திருக்கவில்லை. அவர்களுக்கு இது வரலாறு. யாராவது எழுதித்தானே கொடுக்கவேண்டும்?

கதைப் புத்தகம் போதாது. நடந்ததை நடந்தபடி சொல்லும் நூல் வேண்டும். படம், வரைபடம், ஆண்டு எல்லாவற்றோடும். சாதித்தவர்களை மட்டும் வரிசையாக அடுக்கினால், சாதிக்காதவர் மதிக்கத்தக்கவர் இல்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் வகுப்பில் கேட்டேவிட்டார்கள். அதனால் இட்லிக் கடை அக்காவும் அதில் இருக்கவேண்டும். திருநம்பிகள் இருக்கவேண்டும். திருநங்கைகளும் திருநம்பிகளுமே எழுதவேண்டும், அல்லது எழுதுபவரோடு உட்கார்ந்து திருத்தவாவது வேண்டும். விலை நூறு ரூபாயைத் தாண்டக்கூடாது.

பதிப்பாளர்கள் முன்வரும்வரை தங்கள் ஞாயிறு சிறுவர் பகுதியில் வாரம் அரைப் பக்கம் ஒதுக்கித் தொடராக வெளியிட வேண்டுகிறேன். தொல்காப்பியத்திலிருந்தே தொடங்கலாம். வாராவாரம் வெட்டி எங்கள் மாடிச் சுவரில் ஒட்டிவைக்க நான் தயார். பசை காய்ச்சித் தருவதாக அக்காவும் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மாலை நேர வகுப்பு நடத்தும் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81