அந்தப் பிள்ளையின் கேள்வியை ஏன் போடவில்லை?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் நடந்த ஒருநாள் தலைமைத்துவச் செயலமர்வு பற்றிக் கடந்த வாரம் தங்கள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. படத்தில் ஏழு பெரியவர்கள் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். பிள்ளைகள் என்று பார்த்தால் ஓரத்தில் தட்டம் ஏந்திய ஒரு கை மட்டும் தெரிகிறது. அது பழகிப்போன சங்கதி, விடுவோம். 'வன்னி மாணவர்களிடம் தலைமைத்துவப் பண்பு மிகக் குறைவு' என்று செயலமர்வை நடத்த வந்த வளவாளர் சொன்னதைத் தடித்த எழுத்தில் தலைப்பாக்கியிருந்தீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் அந்த மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தவன். பழைய வாத்தியார் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

2009இல், போரில் இடம்பெயர்ந்த நாங்கள் இருந்த செட்டிகுளம் முகாமில் தண்ணீர் பவுசர் வந்தால் என்ன நடக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வாளியும் கையுமாக இடிபட்டது பெரியவர்கள் நாங்கள்தான். நானும் இடிபட்டேன், மறைக்கவில்லை. அந்த நேரம் பதினாறு வயதுப் பெடியன் ஒருவன் பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்து இலக்கம் எழுதிக் கையில் கையில் கொடுத்தான். கைக்குழந்தைக்காரர் முதலில், தனித்த கிழவிகள் அடுத்தது, மற்றவர்கள் பிறகு. எனக்கு 43ஆம் இலக்கம் தந்தான். படிப்பித்த வாத்தியாருக்குச் சலுகை இல்லையா என்று கேட்டேன். 'சேர், நீங்கள் நிண்டால்தான் மற்ற ஆக்களும் நிப்பினம்' என்றான். என்னிடம் கணக்குப் பாடத்தில் 28 புள்ளி எடுத்தவன். அவனுக்கு எந்த வளவாளர் வந்து வகுப்பெடுத்தார்? இன்று மாங்குளத்தில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறான். அவனை ஒரு மேடைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை.

வளவாளர் இன்னொன்றும் சொன்னார். எங்கள் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கவே கூச்சப்படுகிறார்களாம். அது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் யோசித்தாரா? முன்னுக்கு நிற்கிற பிள்ளை, உயரமான பிள்ளை, வாய் திறக்கிற பிள்ளை முதலில் கண்ணில் படும், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பதுங்குகுழியிலும் நெல்லு மூட்டைக்குப் பின்னாலும் ஒளித்து வைத்த காலம் ஒன்று இங்கே இருந்தது. யாருடைய கண்ணில் என்று நான் எழுதத் தேவையில்லை, நீங்கள் போடவும் மாட்டீர்கள். 'பின்னுக்கு நில்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்த தாயின் பிள்ளை இன்று தாயாகிவிட்டாள். அவளும் அதையேதான் சொல்கிறாள். இதை ஒரு நாளில், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் வருவதற்கு முன், நிமிர்த்திவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

தலைமைத்துவம் என்றால் அரசாங்கத்துக்கும் ஒரு விளக்கம் இருந்தது, ஞாபகமிருக்கும். 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை மூன்று கிழமை இராணுவ முகாம்களில் வைத்துத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்து இரண்டு வருடமும் ஆகாத எங்கள் பிள்ளைகளுக்கும் அதேதான். சொன்னபடி காலை மாற்றி வைக்கப் பழக்குவதற்குப் பெயர் தலைமைத்துவம்!

நான் சாரணருக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவன். அந்த இயக்கம் இலங்கைக்கு வந்தது 1912இல். அதன் முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆறு, எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் ஓர் அணி, அவர்களில் ஒருவன் தலைவன். கூடாரம் எங்கே அடிப்பது, யார் சமைப்பது என்பதெல்லாம் அவன் பாடு. ஆசிரியர் தள்ளி நிற்கவேண்டும். அதுதான் பெரிய பாடு. முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பாசறையில் அணித்தலைவன் ஒருவன் பள்ளத்தில் கூடாரத்தை அடித்தான். எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரவு மழை. பாயும் பாணும் ஒன்றாக மிதந்தன. விடியப்புறம் அவனே மற்றப் பிள்ளைகளிடம் 'பிழை என்ரதான்' என்று சொல்லிவிட்டு மேடு தேடினான், சுற்றிவரக் கான் வெட்டினான். மறுநாள் ஒரு தாய் வந்து என்னை ஏசிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. அதிபரும் விளக்கம் கேட்டுக் கடிதம் தந்தார். அதோடு பாசறையும் நின்றது.

எங்கள் பாடசாலைகளில் மாணவ முதல்வரை எப்படித் தெரிவு செய்கிறோம்? புள்ளி, வெள்ளைச் சப்பாத்து, ஆசிரியருக்கு எதிர்த்துப் பேசாத வாய். தெரிவான பிறகு வேலை, பிந்தி வந்தவர்களின் பெயரை எழுதுவது. அதே பாடசாலையில் தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி, நுண்கடன் அறவிட வந்தவருக்கு முன்னால் தாயைப் பின்னுக்கு விட்டுக் கொப்பியை விரித்துக் கணக்குக் கேட்டதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவளுக்குச் சின்னம் குத்தவில்லை, ஏனென்றால் கிழமையில் இரண்டு நாள் வரவில்லை.

அவள்தான் அன்று செயலமர்வில் எழும்பிக் கேட்டாள்: 'சேர், மாணவர் பாராளுமன்றத்தில பெம்பிளைப் பிள்ளையளின்ர மலசலகூடத்துக்குத் தண்ணி வேணும் எண்டு தீர்மானம் எடுத்து ஒரு வருசமாச்சு. அதை ஆரிட்டக் குடுக்கிறது?'

மண்டபம் அமைதியாகிவிட்டது. வளவாளர் 'மிக நல்ல கேள்வி' என்றார். பிறகு அடுத்த ஸ்லைட்டைப் போட்டார். அதில் ஒரு சிங்கத்தின் படம் இருந்தது.

தங்கள் செய்தியாளரும் அங்கேதான் இருந்தார். என் பக்கத்துக் கதிரையில்தான் றோல்ஸ் சாப்பிட்டார். தலைமைத்துவம் குறைவு என்ற வசனத்தை எழுதிய பேனைக்கு அந்தக் கேள்வி மட்டும் எப்படித் தப்பியது?

நான் மறுப்புச் செய்தி கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே, அவள் கேட்ட பேச்சுத்தமிழிலேயே, மாணவர் பக்கத்தில் ஒரு மூலையில் போடுங்கள். பெயர் வேண்டாம், பாடசாலையில் அவளுக்குக் கரைச்சல் வரும். தங்கள் பத்திரிகை எங்கள் சனசமூக நிலையத்துக்கு மத்தியான பஸ்ஸில்தான் வரும். பள்ளி விட்டுப் போகும்போது அவள் பார்ப்பாள்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் என் கதைகளை வெட்டுங்கள், கேள்வியை வெட்டவேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.