பாராட்டு வேண்டியது ஆட்டத்துக்கு

ஆசிரியருக்கு,

கால் குறைபாடு உள்ளவர்கள் ஸ்லெட் எனும் சறுக்கு இருக்கையில் அமர்ந்து பனித்தரையில் ஆடும் பாரா ஐஸ் ஹாக்கியின் அமெரிக்க வீரர் டெக்லன் பார்மர் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவருடைய உடற்குறையைப் பத்தி பத்தியாக விவரித்த கட்டுரையாளர், ஆட்டத்தை இரண்டே வரிகளில் முடித்துவிட்டது வருத்தமளிக்கிறது. தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த 2018 பாராலிம்பிக் இறுதிப் போட்டியில் கனடாவிடம் தோல்வியின் விளிம்பில் இருந்தது அமெரிக்கா. கடைசி நிமிடத்தில் சமன் செய்த கோல், கூடுதல் நேரத்தில் வெற்றி கோல், இரண்டும் பார்மர் அடித்தவை. 2014, 2018, 2022 ஆகிய மூன்று பாராலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அணியில் அவர் இருந்தார். இரு கைகளிலும் குட்டை மட்டைகள். ஒரு முனையின் இரும்புப் பற்களைப் பனித்தரையில் ஊன்றி ஸ்லெட்டை உந்தவேண்டும், நொடியில் திருப்பி மறுமுனையால் அடிக்கவேண்டும். எதிரணியினர் வந்து மோதுவார்கள். எத்தனை கடினமான திறமை இது!

கால் இழந்தவர்களுக்கு உடற்பயிற்சி அளிப்பவன் நான். இளைஞர்கள் பலர் முதலில் கேட்பது, "மறுபடியும் விளையாட முடியுமா?" என்பதுதான். அவர்கள் தேடுவது அனுதாபத்தை அல்ல. எனவே, பாராலிம்பிக் செய்திகளை விளையாட்டுப் பக்கத்திலேயே, மற்ற போட்டிகளைப் போல ஆட்ட நுணுக்கங்களோடும் கோல் விவரங்களோடும் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்