லேப் அண்ணனுக்கும் கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வின் கடைசி பேட்ச்சும் நேற்று நல்லபடியாக முடிந்தது. எந்த நெருக்கடியில் இதை நடத்தினோம் என்பது உங்களுக்கே தெரியும். மனசு நிறைந்திருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கு. அண்ணே, கேட்காமலே என் மேசையில் ஒரு பழைய நோட்டை வைத்துவிட்டுப் போனீர்களே, அதற்குத்தான் இந்த மடலில் பாதி.

என்னைப் போல மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபிலிருந்து ஆசிரியர் வேலைக்கு வருபவருக்கு டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது) புதிதல்ல. அங்கே நான்கு தசமம் காட்டும் தராசு உண்டு, தானாக அளக்கும் கருவி உண்டு. ஒரு மாதிரியை ஒருவர் பார்ப்பார். பள்ளியிலோ 25 பிள்ளைகள் ஒரே நேரத்தில் பியூரெட்டை (அளவுக்கோடு போட்ட, கீழே திறப்பு உள்ள நீளக் கண்ணாடிக் குழாய்) திறக்கிறார்கள். எது எவ்வளவு வேண்டும், எதை எப்போது கரைக்க வேண்டும் என்ற கணக்கு முழுக்க அந்த நோட்டில்தான் இருந்தது.

பியூரெட்டில் ஊற்றும் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல் ஒரு பிள்ளைக்கு, கழுவுவதையும் சேர்த்து, 120 மி.லி. ஆக 25 பேருக்கு 3 லிட்டர். 0.1 நார்மல் என்ற செறிவுக்கு லிட்டருக்கு 3.2 கிராம் வீதம் 9.6 கிராம். சில நாள் முன்பே கரைத்து, பழுப்பு பாட்டிலில் வைத்து, கண்ணாடிப் பஞ்சில் வடிகட்ட வேண்டும். வடிதாள் கூடாது, தாளே பெர்மாங்கனேட்டை ஒடுக்கிவிடும். குடுவையில் எடுக்கும் மோர் உப்பு (Mohr's salt, இரும்பு உள்ள உப்பு) இதற்கு நேர் எதிர். அன்று காலையில்தான் கரைக்க வேண்டும், வைத்திருந்தால் காற்றுபட்டு அதிலுள்ள ஃபெரஸ் இரும்பு ஃபெரிக் இரும்பாக மாறிவிடும். 3 லிட்டருக்கு 118 கிராம்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: "முதலில் தண்ணீர், அடுத்து ஆசிட், ஆறின பிறகுதான் உப்பு." லிட்டருக்கு 20 மி.லி. அடர் கந்தக அமிலம். வெறும் தண்ணீரில் உப்பைப் போட்டால் கரைசல் பழுப்பாகக் கலங்கும், அதற்குப் பிறகு வரும் அளவீடு எதையும் நம்ப முடியாது. பிள்ளை மூன்று முறை செய்து மூன்று விடை வந்தால் தன் கைதான் சரியில்லை என்று நினைக்கும். கரைசலைக் குறை சொல்ல அதற்குத் தெரியாது. அதனால்தான் அந்த ஒரு வரியை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்.

கூம்புக் குடுவையில் நீர்த்த கந்தக அமிலம் குறைந்தால் வினை முடிந்ததைக் காட்டும் இளஞ்சிவப்பு வராது, பழுப்புப் படிவுதான் வரும். கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடோடும் வினை புரிந்து அளவு கூடிவிடும். ரப்பர் குழாயும் கிளிப்பும் போட்ட பியூரெட்டுகளை இதற்கு எடுக்கவே கூடாது, பெர்மாங்கனேட் ரப்பரைத் தின்றுவிடும். கரைசல் அடர்நிறம் என்பதால் மேல் விளிம்பில்தான் அளவு பார்க்க வேண்டும். எல்லாமே அதில் இருந்தது.

இனி மற்றவர்கள். வேலையை விடுமுன் விவரம் சொன்ன நண்பர்களுக்கு: 9, 10ஆம் வகுப்பென்றால் பட்டதாரி ஆசிரியர், அதற்கு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும்; 11, 12 என்றால் எம்.எஸ்சி.யோடு பி.எட்., அதன்பின் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வு. பி.எட். இரண்டு ஆண்டு, அதில் பள்ளிப் பயிற்சி மட்டும் வாரக்கணக்கில் போகும், ஷிப்ட் வேலையோடு சேர்த்து ஓட்ட முடியாது என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசாமல் எழுதி முடித்துத் திரும்பிப் பேசச் சொன்ன இயற்பியல் டீச்சருக்கு, பாடவேளைகளை மாற்றிக் கொடுத்த தலைமையாசிரியருக்கு, சம்பளமில்லாத அந்த இரண்டு வருடமும் வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி.

அண்ணே, கோடை விடுமுறையில் அந்த நோட்டை முழுவதும் பிரதி எடுக்கிறேன். ஆக்சாலிக் அமிலத்துக்கும் ஒரு பக்கம் சேர்க்கிறேன்: லிட்டருக்கு 6.3 கிராம், 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே பெர்மாங்கனேட், முதல் சில சொட்டு நிறம் மாறத் தாமதமானால் பயப்பட வேண்டாம், மாங்கனீசு அயனி உருவானதும் வினை தானே வேகமெடுக்கும். லேபிலிருந்து பள்ளிக்கு வர நினைக்கும் யார் கேட்டாலும் ஒரு பிரதி தருவேன். பழுப்பேறிய பியூரெட்டுகளை அமிலம் கலந்த ஆக்சாலிக் கரைசலில் கழுவி வைக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை நானும் வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வேதியியல் ஆசிரியர்